வாசகர் கேள்வி-பதில்: காருக்குப் பின்னால் ஒரு வீடு

போன இதழில், ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் லூயிஸ்-ஹாரிஸ் தீவைக் கேரவனோடு நான் தனியாகச் சுற்றி வந்ததைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். 2023 ஜூன் மாதம், 19 நாள். அதைப் படித்தவர்கள் எழுதிய கடிதங்களை ஆசிரியர் ஒரு பையில் போட்டு, மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். எல்லாவற்றையும் படித்தேன். ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் கடலூர்க்காரி, நர்ஸ். 2006இல் வேலைக்காக ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் நகரத்துக்குப் போனேன், 2024இல் ஓய்வு பெற்று ஊருக்கே வந்துவிட்டேன். வயது 60.

கேரவன் என்றால் சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்கார்ந்திருக்கும் பெரிய பஸ்தானே? அதை நீங்கள் ஒருவரே ஓட்டினீர்களா?
வாசகி, நெல்லிக்குப்பம்

இல்லை அம்மா. நம் ஊரில் அந்த வண்டியைத்தான் கேரவன் என்கிறோம். நான் சொல்வது என்ஜின் இல்லாத வண்டி. இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு சின்ன அறை, காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போக வேண்டும். என்னுடையது பழைய வண்டி, இரண்டாம் கையாக வாங்கினேன். உள்ளே பதினோரு அடி நீளம், ஆறரை அடி அகலம். பகலில் எதிரெதிரே இரண்டு இருக்கை, இரவில் அதுவே படுக்கை. இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு தொட்டி, சின்ன ஃபிரிட்ஜ், அலமாரி அளவுக்கு ஒரு கழிப்பறை. தண்ணீருக்கு 40 லிட்டர் பீப்பாய் ஒன்று உண்டு. அதைக் குழாயடிக்குச் சக்கரம் மாதிரி உருட்டிக்கொண்டே போய் நிரப்பி வரலாம். இடுப்பில் குடம் சுமந்து வளர்ந்த எனக்கு அந்தப் பீப்பாயைப் பார்த்த அன்றே பிடித்துப்போயிற்று.

வண்டியிலேயே என்ஜின் இருந்தால் அதை மோட்டார்ஹோம், கேம்பர்வேன் என்பார்கள். இழுத்துப் போகிற வண்டியில் ஒரு வசதி உண்டு. ஓர் இடத்தில் வீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் காரை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றலாம். அந்தத் தீவின் சாலைகளுக்கு இது மிகவும் முக்கியம், கீழே சொல்கிறேன்.

அக்கா, நான் டிராக்டர் ஓட்டுகிறவன். ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுப்பதென்றால் பின்னால் ஒரு ஆள் நின்று 'வா வா' என்று சொல்ல வேண்டும். நீங்கள் எப்படித் தனியாகச் சமாளித்தீர்கள்? காற்றில் வண்டி ஆடாதா?
வாசகர், பண்ருட்டி அருகே

தம்பி, இத்தனை கடிதத்தில் வேலை தெரிந்தவர் கேட்ட கேள்வி உங்களுடையது. கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஆடும். கரும்பு லோடு ஏற்றிக்கொண்டு நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் ட்ரெய்லரில் பாரம் பின்பக்கம் கூடிவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், வால் இரண்டு பக்கமும் அடிக்கும். கேரவனும் அப்படித்தான். கனமான சாமான்களை அச்சுக்கு நேர் மேலே, தரையோடு வைக்க வேண்டும். கொக்கியின் மேல் விழும் பாரம் மொத்த எடையில் நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு இருக்க வேண்டும். என் வண்டி சாமானோடு சேர்த்து 1,000 கிலோ. அதனால் ஒவ்வொரு முறையும் மூக்கில் 60 கிலோ அளவுக்கு இருக்கிறதா என்று எடை பார்ப்பேன். அரிசி டப்பாவை நடுவிலிருந்து பின் அலமாரிக்கு மாற்றினாலே முள் இறங்கிவிடும். ஓடும்போது வால் அடிக்க ஆரம்பித்தால் பிரேக்கை மிதிக்கவே கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டால் தானாக அடங்கும். அங்கே கேரவன் இழுக்கும் காருக்குச் சாதாரணச் சாலையில் மணிக்கு 50 மைல்தான் உச்ச வேகம், அதாவது 80 கிலோமீட்டர். நான் தீவில் 40 மைலைத் தாண்டியதே இல்லை.

அப்புறம், கொக்கி மாட்டுவது. காரைப் பின்னால் எடுத்து அந்த இரும்பு உருண்டையைச் சரியாகக் கேரவனின் மூக்குக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இரண்டு அங்குலம் தள்ளிப்போனாலும் மாட்டாது. ஆள் இருந்தால் கை காட்டுவார்கள், எனக்கு ஆள் இல்லை. நான் கேரவனின் முன் சன்னலில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழ்நோக்கிச் சாய்த்து ஒட்டிவிட்டேன். காரில் உட்கார்ந்தபடி பின்கண்ணாடி வழியாக அதைப் பார்த்தால் உருண்டையும் தெரியும், கொக்கியும் தெரியும். இரண்டாம் வாரத்தில் ஒரே முயற்சியில் மாட்டக் கற்றுக்கொண்டேன். ரிவர்ஸுக்கு ஒரு வழி: கையை ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ, கேரவனின் பின்பக்கமும் அந்தப் பக்கம் போகும். உங்களுக்கு இது பழகியிருக்கும், மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

தனியாகப் போகிறவருக்குப் பெரிய ஆபத்து மறதிதான். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மறந்ததை இன்னொருவர் பார்த்துவிடுவார். அதனால் நான் வார்டில் மருந்து கொடுக்கும்போது செய்கிற மாதிரியே செய்தேன். ஒவ்வொன்றையும் தொட்டு, வாய்விட்டுச் சொல்வேன். "கேஸ் மூடியாச்சு. சன்னல் பூட்டியாச்சு. நாலு கால் ஏத்தியாச்சு. சங்கிலி மாட்டியாச்சு. விளக்கு எரியுது." (கால் என்பது, நிறுத்திய வண்டி ஆடாமலிருக்க நான்கு மூலையிலும் இறக்கும் இரும்புக் கால்.) யாராவது பேச்சுக் கொடுத்துப் பாதியில் நின்றுவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். ஒரே ஒருநாள், ஹாரிஸில் மழை வலுக்கிறதே என்று அவசரப்பட்டு, பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். பின் மூலையில் ஒரு காலை ஏற்றாமலே வண்டியை நகர்த்திவிட்டேன். பத்தடி போவதற்குள் இரும்பு தரையில் உராய்கிற சத்தம். கால் வளைந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து, டிராக்டர் ஜாக்கி வைத்துத் தூக்கி நிமிர்த்திக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அன்றிலிருந்து மழையோ இடியோ, முதலிலிருந்துதான்.

காற்றைப் பற்றி: 2011இல் தானே புயல் நம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். எனக்கு அம்மா போனில் அழுதுகொண்டே சொன்னார். அந்தத் தீவில் புயல் என்று பெயர் வைக்காத நாளிலேயே பலமாக வீசும், மரமே அதிகம் கிடையாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, கேரவனின் மூக்கை அந்தப் பக்கம் திருப்பி நிறுத்த வேண்டும். விலாவில் வாங்கக் கூடாது. வடகோடியில் நெஸ் என்ற பகுதியில் இருந்தபோது வானிலை அறிக்கை மோசமாக இருந்ததால் இரண்டு நாள் வண்டியை எடுக்கவே இல்லை. தனியாக இருந்ததால் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை, இன்றைக்குப் போகவில்லை என்று நானே முடிவெடுத்துக்கொண்டேன்.

தீவு எவ்வளவு பெரிது? சாலையெல்லாம் நன்றாக இருக்குமா?
வாசகர், பாகூர்

பரப்பு 2,179 சதுர கிலோமீட்டர். நம் கடலூர் மாவட்டம் 3,678 என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் 26 லட்சம் பேர், அந்தத் தீவில் சுமார் 21,000 பேர். வடக்குப் பகுதிக்கு லூயிஸ், தெற்கே மலைப்பகுதிக்கு ஹாரிஸ். இரண்டு பெயர் இருந்தாலும் ஒரே நிலம்தான். உல்லாபூல் என்ற துறைமுகத்திலிருந்து காரும் கேரவனும் ஏறும் கப்பலில் தீவின் பெரிய ஊரான ஸ்டோர்னோவே போய்ச் சேர இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கப்பலில் ஏறும் முன் கேஸ் சிலிண்டரை மூடியாக வேண்டும்.

பெரிய சாலை நன்றாகவே இருக்கும். கிளைச் சாலைகளில் ஒரு வண்டிக்குத்தான் இடம். அங்கங்கே சாலை புடைத்துக்கொண்டு ஒரு ஒதுங்கிடம் இருக்கும், பலகை நட்டிருப்பார்கள். எதிரே வண்டி வந்தால், ஒதுங்கிடம் உங்கள் இடது பக்கம் இருந்தால் நீங்கள் அதற்குள் போக வேண்டும், வலது பக்கம் இருந்தால் அதற்கு நேரே நின்று எதிர்வண்டியை அதற்குள் போக விட வேண்டும். பின்னால் வருகிறவர் அவசரமாக வந்தாலும் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகிற சாலை அது, நாம்தான் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். சிலர் அந்த ஒதுங்கிடத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டுக் கடலைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், இப்போது எழுதும்போதும் வருகிறது. ஆம்புலன்ஸும் அதே சாலையில்தானே வர வேண்டும்? ஹாரிஸின் கிழக்குக் கரையில் 'கோல்டன் ரோடு' என்று வளைந்து வளைந்து போகும் சாலைக்குக் கேரவனைக் கொண்டுபோகாதீர்கள். நான் கழற்றி வைத்துவிட்டுக் காரில் மட்டும் போனேன்.

அம்மா, நான் கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறேன். தனியாக மகாபலிபுரம் போகக்கூட வீட்டில் விடமாட்டார்கள். ராத்திரியில் உங்களுக்குப் பயமாக இல்லையா? ஒரு பெண் தனியாக இப்படிப் போகலாமா?
வாசகி, வில்லியனூர்

பயந்தேன் மகளே. முதல் இரவு ஒரு விவசாயியின் புல்வெளியில் தங்கினேன். வாசலில் ஒரு இரும்புப் பெட்டி. அதில் வாடகையை நாமே போட வேண்டும், கேட்க ஆள் வராது. என்னைத் தவிர ஒரே ஒரு வண்டி, அதுவும் தூரத்தில். இரவு இரண்டு மணி இருக்கும், யாரோ வண்டியைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடி ஆட்டம். ஜூன் மாதம் அங்கே பத்தரை மணிக்குத்தான் சூரியன் மறைகிறது, நடு இரவிலும் வானத்தில் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். திரையை ஒரு விரல் விலக்கிப் பார்த்தேன். ஒரு செம்மறி ஆடு, வண்டியின் மூலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அது போன பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. பயம் வரக்கூடாது என்று எதிர்பார்க்காதே. வந்தால் என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்து வைத்துக்கொள்.

நான் செய்தது இது. சாயங்காலம் 4 மணிக்குள் தங்கும் இடத்துக்குப் போய்விடுவேன். இடம் மனசுக்குச் சரிப்படவில்லை என்றால், காரணம் தேடாமல் அடுத்த இடத்துக்குப் போக அப்போதுதான் நேரம் இருக்கும். கார் சாவி ஒரே ஆணியில்தான் தொங்கும். இன்வர்னெஸில் என்னோடு வேலை பார்த்த ஒரு தோழிக்கு இரவு 8 மணிக்குச் செய்தி அனுப்புவேன். 10 மணி வரை வரவில்லை என்றால் அவள் தங்குமிடத்துக்குப் போன் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, அப்போது தங்குமிடத்தின் சொந்தக்காரரிடம் போய் அவர்கள் போனிலிருந்து பேசிவிடுவேன். தனியாக வந்திருப்பதை யாரிடமும் சொல்லாதே என்று சிலர் சொல்வார்கள். வழிப்போக்கரிடம் சொல்ல வேண்டாம், சரி. தங்குமிடத்தின் சொந்தக்காரரிடமும் பக்கத்து வண்டிக்காரரிடமும் நான் சொல்லிவிடுவேன். காலையில் என் திரை திறக்கவில்லை என்றால் கதவைத் தட்ட அங்கே இரண்டு பேர் இருந்தார்கள்.

அங்கே செய்ததை அப்படியே இங்கே ஈசிஆர் ஓரத்தில் செய் என்று நான் சொல்ல மாட்டேன். உன் பெற்றோரின் கவலையும் பொய்யில்லை. முதலில் பகலில் போய்ப் பகலில் திரும்புகிற பயணமாகப் பத்து முறை போய் வா. திரும்பி வருகிற நேரத்தைச் சொன்னபடி காப்பாற்று. என் அம்மா என்னைச் சிதம்பரத்துக்குத் தனியாக அனுப்பியது அப்படித்தான், 1984இல்.

ஒரு நர்ஸாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூடிய சின்ன வண்டியில் எரிவாயு சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம். தூங்கினால் எழ முடியாது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை நம்பவே கூடாது, இரத்தத்தில் அந்த வாயு ஏறியிருந்தாலும் அது 98 என்றே காட்டும். அதற்கென்று ஒரு அலாரம் விற்கிறது, அதை மாட்டாமல் ஒரு இரவுகூடத் தூங்காதே. கரி அடுப்பை, அணைந்துவிட்டது என்று தோன்றினாலும், உள்ளே கொண்டுவராதே. புல்வெளியில் நடந்துவிட்டு வந்தால் முழங்காலுக்குப் பின்னாலும் இடுப்பிலும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். அந்த ஊர் உண்ணியிலிருந்து லைம் என்ற நோய் வரலாம். ஒன்றைப் பிடுங்கினேன், தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து. பிறகு நான்கு வாரம் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

அங்கே ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே நடக்காதாமே?
வாசகர், முத்தியால்பேட்டை

ஆமாம். லூயிஸிலும் ஹாரிஸிலும் ஞாயிறு ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பவர்கள் நிறைய. ஸ்டோர்னோவேக்கு ஞாயிற்றுக்கிழமைக் கப்பலே 2009 ஜூலையில்தான் தொடங்கியது. கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். துணி துவைத்து வெளியே காயப்போடுவதுகூட வழக்கமில்லை. பல தங்குமிடங்களில் ஞாயிறு அன்று வந்து இறங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வார்கள். சனிக்கிழமையே பெட்ரோலும் பாலும் வாங்கி வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிறு ஒரு சிற்றூர்த் தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார அனுமதி கேட்டேன். வாத்தியம் எதுவும் இல்லை. ஒருவர் அந்தத் தீவின் சொந்த மொழியான கேலிக்கில், பைபிளில் இருக்கும் சங்கீதப் பாடலின் அடியை எடுத்துக் கொடுக்கிறார், மொத்தக் கூட்டமும் அதை வாங்கி, ஒவ்வொருவரும் தன் போக்கில் இழுத்துப் பாடுகிறார்கள். அலை ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த மொழியில் நன்றி சொல்ல இரண்டு விதம் உண்டு: நீ என்கிறவரிடம் ஒன்று, நீங்கள் என்கிறவரிடம் இன்னொன்று. பெரியவர்களுக்கு 'தாபா லீவ்'. இது எனக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல்லைச் சொல்லிச் சொல்லிக் கூசியிருந்த நாக்கு.

பார்த்ததில் மறக்க முடியாதது எது?
வாசகர், குறிஞ்சிப்பாடி

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் இந்தக் கடிதத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். என் அம்மாவைப் பெற்ற தாத்தா குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்தவர்.

லூயிஸின் மேற்குக் கரையில் ஒரு சிற்றூர். தண்ணீர்ப் பீப்பாயை உருட்டிக்கொண்டு போகிறேன், ஒரு தகரக் கொட்டகையிலிருந்து 'டடக் டடக்' என்று சத்தம். கால் தானாக நின்றுவிட்டது. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே என் வயதுள்ள ஒருவர், சைக்கிள் மிதிப்பது மாதிரி காலால் மிதித்து நெய்துகொண்டிருந்தார். ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணி. அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால், அந்தத் தீவுக் கூட்டத்தில் வாழும் நெசவாளர் தன் வீட்டில் வைத்து நெய்ததாக இருக்க வேண்டும், மின்சாரத் தறி கூடாது. 1993இல் இதற்கென்றே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டார்கள். உருண்டை மேல் சிலுவை இருக்கும் முத்திரையை அதற்கும் முன்பே, 1911இலிருந்து குத்திவருகிறார்கள்.

என்னை உள்ளே வரச் சொன்னார். பாவு (நீளவாட்டு இழைகள்) சுற்றிய உருளையை மில் வேன் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும், நெய்து முடித்த துணியை அதே வேன் வந்து எடுத்துப் போகும், அங்கே அலசி முத்திரை குத்துவார்கள் என்றார். எங்கள் தாத்தாவுக்கும் பாவும் நூலும் முதலாளி வீட்டிலிருந்துதான் வரும், கூலிக்கு நெய்தார். நான் சொன்னதும் அவர் தறியை நிறுத்திவிட்டார். உங்கள் தாத்தா எந்த நூலில் நெய்தார், எத்தனை அகலம், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவைக் கையால் எறிவாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குழித்தறியில் கால் பள்ளத்துக்குள் இருக்கும் என்பதைக் காட்ட நான் தரையில் உட்கார்ந்து காட்ட வேண்டியிருந்தது. அறுந்த பாவு இழையை அவர் முடிந்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு சுழற்று சுழற்றி, நுனியை நாக்கில் தொட்டு ஈரப்படுத்தி, இழுத்தார். தாத்தா செய்த அதே முடிச்சு. நான் தறிக்கு அந்தப் பக்கம் போய் நின்று அடுத்த இழையை எடுத்துக் கொடுத்தேன், சின்ன வயதில் செய்த மாதிரி.

அவருடைய துணிக்கு ஒரு சட்டம் காவல் இருக்கிறது. குறிஞ்சிப்பாடியில் இன்னும் எத்தனை குழித்தறி ஓடுகிறது என்று நீங்கள் எழுத வேண்டும். உங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன்.

குளிருக்கு என்ன செய்தீர்கள்? அங்கே கரி கிடைக்குமா?
வாசகி, நெய்வேலி

ஜூனிலும் பகலில் 15 டிகிரிதான். எனக்குக் கேஸ் ஹீட்டர் போதுமாக இருந்தது. ஆனால் அங்கே பல வீடுகளில் பீட் எரிக்கிறார்கள். உங்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: சதுப்பு நிலத்தில் செடிகொடி மட்கி இறுகியது, உங்கள் ஊர்ப் பழுப்பு நிலக்கரிக்கு முந்தைய நிலை. மே மாதம் ஈரமாகச் செங்கல் செங்கல்லாக வெட்டி, காற்றில் காயவைத்து, வீட்டுப் பக்கத்தில் போர் போடுகிறார்கள். நம் வைக்கோல் போர் மாதிரியே அழகாக அடுக்குவார்கள். ஆர்னல் என்ற ஊரில் ஒரு பழைய கூரை வீட்டை அப்படியே வைத்திருக்கிறார்கள். 1966 வரை குடியிருந்த வீடு. நடுவீட்டில் பீட் நெருப்பு, புகைபோக்கியே கிடையாது, புகை கூரை வழியாகத்தான் வெளியேறும். மாட்டுத் தொழுவமும் அதே கூரைக்குக் கீழ்தான். அந்த வாசனை என் சால்வையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

சாப்பாடு?
பலர்

அரிசி, பருப்பு, புளிக்கரைசல், மிளகாய்த்தூள் கொண்டுபோனேன். கால் நிமிர்த்திக் கொடுத்தாரே, அந்தப் பெரியவர் மறுநாள் கயிற்றில் கோத்த நான்கு மீன் கொண்டுவந்து கொடுத்தார். நம் கானாங்கெளுத்தியின் சொந்தக்காரன், கொழுப்பு இன்னும் அதிகம். கதவைத் திறந்து வைத்துக் குழம்பு வைத்தேன். அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டு, கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்.

கடலூர்க்காரி என்கிறீர்கள், கடலைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?
வாசகர், தேவனாம்பட்டினம்

எழுதினேன், பிறகு எடுத்துவிட்டேன். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

முதல் உலகப் போர் முடிந்து, கடற்படையில் இருந்த அந்தத் தீவின் ஆண்கள் புத்தாண்டுக்கு வீடு திரும்பினார்கள். 1919 ஜனவரி 1, விடியுமுன். 'அயோலேர்' என்ற கப்பல், ஸ்டோர்னோவே துறைமுகத்துக்கு ஒரு மைல்கூட இல்லாத தூரத்தில் பாறையில் மோதிவிட்டது. கரை கூப்பிடு தூரத்தில். 201 பேர் இறந்தார்கள். நெஸ் பகுதியைச் சேர்ந்த ஜான் எஃப். மக்லியோட் என்பவர் இடுப்பில் கயிற்றோடு நீந்திக் கரையேறினார். அந்தக் கயிற்றைப் பிடித்து 40 பேர் பிழைத்தார்கள். வீட்டில் அடுப்பு மூட்டி, மாற்றுத்துணி எடுத்து வைத்துக் காத்திருந்தவர்களுக்குக் காலையில் சேதி போனது. பல குடும்பங்களில் பல ஆண்டுகள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. துறைமுகத்தில் இப்போது கப்பலின் வடிவத்தில் மரக் கம்பங்கள் நட்டு, இரவில் விளக்குப் போடுகிறார்கள்.

நான் அங்கே நின்றபோது எனக்கு 2004 டிசம்பர் 26தான் நினைவுக்கு வந்தது. அன்று காலை நான் பணியில் இருந்தேன். உங்கள் ஊரிலிருந்து வந்தவர்களை நான் கையால் தொட்டிருக்கிறேன். ஒரு தாயின் முந்தானையில் மணல் கட்டி கட்டியாக இருந்தது, அதை உதறவே விடவில்லை அவர். இதற்கு மேல் எழுத என்னால் இப்போதும் முடியவில்லை ஐயா.

செலவு எவ்வளவு? இந்திய லைசென்ஸ் செல்லுமா?
வாசகர், லாஸ்பேட்டை

சுற்றுலாவாகப் போகிறவர் இந்திய லைசென்ஸில் 12 மாதம் வரை அங்கே கார் ஓட்டலாம். சாலையின் இடது பக்கம்தான், நம்மைப் போலவே. ஆனால் புதிதாகப் போகிறவர் கேரவன் இழுக்க வேண்டாம், சின்ன கேம்பர்வேன் வாடகைக்கு எடுங்கள். வயது, ஓட்டிய அனுபவம் பற்றி வாடகை தருபவரின் நிபந்தனையை முன்பே படித்துவிடுங்கள். தங்குமிடத்துக்கு ஒரு இரவுக்கு நான் கொடுத்தது 12 முதல் 24 பவுண்டு. ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் தங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2003ஆம் ஆண்டு நிலச் சட்டம் கொடுக்கும் உரிமை நடந்து போகிறவருக்கும் கூடாரம் போடுகிறவருக்கும்தான், வண்டிக்கு இல்லை. கோடையில் கப்பலில் கேரவனுக்கு இடம் கிடைப்பது சிரமம், டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு அப்புறம் மற்றதைத் திட்டமிடுங்கள்.

எனக்கு 64 வயது, முழங்கால் வலி. என் மகன் கூட்டிப்போவதாகச் சொல்கிறான். நடக்காமல் என்ன பார்க்க முடியும்?
வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

போய் வாருங்கள் அக்கா. காலனிஷ் என்ற இடத்தில் ஏறத்தாழ 5,000 ஆண்டுக்கு முன் நட்ட கற்கள் வட்டமாக நிற்கின்றன. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடைதான். அந்தக் கல்லே ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழையது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் கறுப்பும் வெள்ளையுமாக நரம்பு ஓடும். காலை ஏழு மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது. வடகோடியில் 1862இல் கட்டிய செங்கல் கலங்கரை விளக்கத்துக்கு அருகே வரை கார் போகும். லஸ்கென்டயர் மணற்கரையைக் காரில் உட்கார்ந்தே பார்க்கலாம். கேரவனில் ஏறும் படி கொஞ்சம் உயரம், ஒரு மரப்பலகைப் படி கூடுதலாக வாங்கச் சொல்லுங்கள். படுக்கைக்கு அடியில் குனிந்து எடுக்கிற மாதிரி எதையும் வைக்காதீர்கள். பொடிக் கொசு தொல்லை உண்டு, காற்று வீசும் கடற்கரையில் தங்கினால் அது பறக்க முடியாது.

அந்தக் கேரவன் இப்போது எங்கே?
மாணவி, கடலூர் முதுநகர்

ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு இளம் நர்ஸுக்கு விற்றேன். வாங்கிய விலையில் பாதிக்குத்தான், வளைந்து நிமிர்ந்த காலையும் காட்டித்தான் கொடுத்தேன். முன் சன்னலில் ஒட்டிய கண்ணாடியைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், அவளும் தனியாகத்தான் போகப்போகிறாள். வண்டி சமமாக நிற்கிறதா என்று பார்க்க வைத்திருந்த ரசமட்டத்தை மட்டும் கொண்டுவந்துவிட்டேன். போன மாதம் எங்கள் மாடிக்குத் தளம் போட வந்த கொத்தனார் அதை இரவல் வாங்கிப் போயிருக்கிறார்.